கிஸ்தியும் நீதியும்

‘கிஸ்தி’ என்னும் சொல்லை அறியாத தமிழர் அரியர். 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படம் அச்சொல்லைப் பட்டிதொட்டிகளிலெல்லாம் பரப்பிற்று. எனினும் அதன் பிறப்பிடம் அரபு மொழி என்பதை அறிந்தோர் சிலரே. அரபியில் ‘கிஸ்த்’ என்பதற்குப் பங்கு, தவணை என்னும் பொருள்கள் உண்டு. அவற்றோடு நீதி என்னும் பொருளும் உண்டு. திருக்குர்ஆனில் நீதியைக் குறிக்கும் இடங்கள் பலவற்றில் இச்சொல்லே வந்துள்ளது.

வரித்துறையில் நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள் பலவும் இவ்வாறு வந்தவையே. வசூல் என்பது வந்து சேர்தல். பாக்கி என்பது எஞ்சி நிற்பது. கஜானா என்பது கருவூலம். மராமத்து என்பது பழுது பார்த்தல். ‘ரயத்து’ என்பதன் மூலமான ‘ரஇய்யத்’ என்னும் சொல் மேய்ப்பவனின் காவலில் உள்ள மந்தையையும், ஆள்பவனின் பொறுப்பில் உள்ள குடிமக்களையும் ஒருங்கே குறிக்கும். முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள் ஆகியோரின் ஆட்சி வழியே இச்சொற்கள் நம் கிராமக் கணக்குகளில் குடியேறின. ‘கிஸ்தி’யில் தவணை என்ற பொருள் தங்கிவிட்டது, நீதி என்ற பொருள் வழியில் எங்கோ உதிர்ந்து போயிற்று.

இதனை நாம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியால் ஆகும். ஒரு மாலைப் பொழுதில் கடம்பத்தூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதியவரும், இப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராகப் பணியாற்றுபவருமான அவர் நம்மைக் கண்டு ஸலாம் உரைத்தார். நலம் விசாரித்த பின் பேச்சு வரியின் பக்கம் திரும்பிற்று.

“ஹஜ்ரத், நாம் டெல்லிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் முப்பது காசு கூடத் திரும்பி வருவதில்லை என்கிறார்கள். மீதியெல்லாம் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் போகிறதாம். உழைப்பது நாம், அனுபவிப்பது அவர்களா? இது நியாயந்தானா?” என்று கேட்டார்.

அவரருகே ஓர் இளைஞர் நின்றிருந்தார். அதே ஆலையில் பணிபுரியும் பீகார் மாநிலத்தவர். பேச்சின் பொருள் விளங்காமல் நம் இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார். நாம் விடை சொல்லுமுன் வண்டி வந்துவிட்டது. அன்று பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

ஏரியும் கலங்கலும்

கடம்பத்தூர் வட்டாரம் ஏரிகளை நம்பி வாழ்ந்த நாடு. மழை நீரை ஏரியில் தேக்கி, மதகு வழியே வயலுக்குப் பாய்ச்சி உழவு செய்தவர்கள் நம் முன்னோர். இந்த ஏரிகள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேலேரி நிறைந்ததும் அதன் உபரி நீர் கலங்கல் வழியே கீழேரிக்குச் செல்லும். அது நிறைந்ததும் அடுத்த ஏரிக்குச் செல்லும். கடம்பத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கூவம் என்னும் ஊரின் ஏரியிலிருந்து வழியும் நீரே, சென்னை நகரின் ஊடே சென்று கடலில் கலக்கும் கூவம் ஆற்றுக்குத் தொடக்கம் ஆகும். ஊர்களுக்கிடையே வழக்கு மூளுவது பெரும்பாலும் கலங்கலின் உயரத்தைப் பற்றியே. அதை உயர்த்தினால் கீழூர் காயும். தாழ்த்தினால் மேலூர் காயும்.

இந்த ஏரிகளைக் காத்த நிதி எங்கிருந்து வந்தது? 1763-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜா, கிழக்கிந்தியக் கும்பினிக்கு இப்பகுதியை ஜாகீராக அளித்தார். 1765-இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். செங்கல்பட்டு ஜாகீர் எனப்பட்ட அந்நிலப்பரப்பில், கடம்பத்தூருக்கு அண்மையிலுள்ள திருப்பாச்சூரும் பேரம்பாக்கமும் அடங்கும். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற கும்பினிப் பொறியாளர், ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். மறந்து கிடந்த அக்கணக்குகளைத் தரம்பால் (1922–2006) முதலிய ஆய்வாளர்கள் பிற்காலத்தில் வெளிக்கொணர்ந்தனர்.

களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்குரிய மேல்வாரமும் உழவர்க்குரிய குடிவாரமும் பிரிக்கப்படும் முன்னரே, ஊர்ப் பணிகளுக்கென ஒரு பகுதி எடுத்து வைக்கப்பட்டதை அக்கணக்குகள் காட்டுகின்றன. ஏரி மராமத்துக்கு ஒரு பங்கு. கணக்குப்பிள்ளைக்கும் காவல்காரருக்கும் ஒரு பங்கு. தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கு ஒரு பங்கு. கோயில்களுக்கும், பள்ளிவாசல்களுக்கும், பக்கீர்களுக்கும் ஒரு பங்கு. ‘சுதந்திரம்’ என்ற பெயரில் வழங்கிய இப்பங்குகள் விளைச்சலில் ஏறத்தாழ கால் பகுதி அளவுக்கு இருந்தன என்பது ஆய்வாளர் கூற்று. பிறந்த இடத்தின் தேவைக்கு முதலில் ஒதுக்கி, எஞ்சியதை மேலே அனுப்பிய முறை அது.

1780-இல் ஹைதர் அலிக்கும் கும்பினிக்கும் மூண்ட போர் இப்பகுதியைப் பாழாக்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு சுல்தானின் படை கர்னல் பெய்லியை மறித்தது. 10 அன்று பொள்ளிலூரில் பெய்லி தோல்வியுற்றுச் சிறைப்பட்டார். போருக்குப் பின் ஜாகீரின் வருவாயைத் தானே நேரில் தண்டிய கும்பினி, ஊர்ப் பங்குகளைப் படிப்படியாகக் குறைத்து அரசின் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அவ்வருவாய் தொலைதூரப் போர்களுக்கும், கப்பலேற்றும் சரக்குகளின் கொள்முதலுக்கும் சென்றது. ஏரிகள் தூர்ந்தன. சென்னை மாகாணத்தின் நீர்ப்பாசனப் பணிகள் எவ்வளவு புறக்கணிக்கப்பட்டன என்பதை, 1852-ஆம் ஆண்டின் பொதுப்பணி விசாரணைக் குழுவே எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. நீர் தேங்காத நிலத்தில் கிஸ்தியும் தேறாது என்ற எளிய உண்மையை அரசு உணர அரை நூற்றாண்டு கடந்தது.

மெஸ்டன் தந்த கணக்கு

வட்டாரங்களுக்கிடையே நிதிநீதி பற்றிய வழக்கு நம் காலத்தில் தோன்றியதன்று. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குச் சில அதிகாரங்களை வழங்கிற்று. நிலவரி, கலால், முத்திரைக் கட்டணம் ஆகியவை மாகாணங்களுக்கு என்றும், வருமான வரி, சுங்கம் ஆகியவை மத்திய அரசுக்கு என்றும் பிரிக்கப்பட்டன. இப்பிரிவினையால் மத்திய அரசுக்கு ஏற்பட்ட பற்றாக்குறையை மாகாணங்களே ஈடு செய்ய வேண்டும் என்றும் முடிவாயிற்று. யார் எவ்வளவு தருவது என்பதை வகுக்க மெஸ்டன் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமர்ந்தது.

1920-இல் அக்குழு வகுத்த மொத்தத் தொகை 983 இலட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணத்தின் தலையில் விழுந்தது 348 இலட்சம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஐக்கிய மாகாணம் 240 இலட்சம், பஞ்சாப் 175 இலட்சம். தொழில்வளமும் வாணிப வளமும் மிக்க வங்காளத்துக்கு 63 இலட்சம். பம்பாய்க்கு 56 இலட்சம் மட்டுமே.

இக்கணக்கின் காரணத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். புதிய பிரிவினையால் எந்த மாகாணத்துக்கு எவ்வளவு வருவாய் கூடுகிறது என்பதையே குழு அளவுகோலாகக் கொண்டது. சென்னைக்கு 576 இலட்சம் கூடும் என்று கணித்து, அதிலிருந்து 348 இலட்சத்தைக் கேட்டது. ஆனால் கூடியதாகக் காட்டப்பட்ட அத்தொகை வானிலிருந்து பொழிந்ததன்று. ரயத்துவாரி முறையில் நம் உழவர்கள் செலுத்திவந்த நிலவரியில், அதுவரை மத்திய அரசு எடுத்துக்கொண்டிருந்த பங்கே அது. உழவன் தன்னிடமிருந்து எடுக்கப்பட்டதைத் திரும்பப் பெற்றபோது, அதனை ஆதாயம் என்று எழுதி அதற்கும் ஒரு கிஸ்தி விதித்தார்கள்.

பள்ளிக்கூடம், மருத்துவம், வேளாண்மை ஆகிய துறைகள் மாகாண அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்ட காலம் அது. 1920 டிசம்பரில் பொறுப்பேற்ற நீதிக்கட்சி அமைச்சரவை, துறைகளைப் பெற்றது, பணத்தைப் பெறவில்லை. சென்னையின் முறையீடு சட்டசபையில் ஆண்டுதோறும் ஒலித்தது. இறுதியில் 1927-28-இல் இக்காணிக்கை நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் அடியோடு நீக்கப்பட்டது.

அதே வேளையில் வங்காளமும் பம்பாயும் கூட மனக்குறையுடனேயே இருந்தன என்பதை மறைத்தலாகாது. தம் ஊர் ஆலைகளும் வாணிகரும் செலுத்தும் வருமான வரி முழுவதும் டெல்லிக்குச் செல்கிறதே என்பது அவற்றின் வழக்கு. 1936-இல் சர் ஆட்டோ நீமையர் அளித்த தீர்ப்பில் வருமான வரியில் பாதி மாகாணங்களுக்கு எனவும், அதில் வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் நூற்றுக்கு 20 வீதம், சென்னைக்கு 15 எனவும் வகுக்கப்பட்டன. ஒவ்வொருவர் பேரேட்டிலும் மற்றவர் கடன்காரராகவே தோன்றினார். தன் பக்கத்துக் கணக்கை மட்டும் படிப்பவர் நீதிபதியாக முடியாது என்பதை இவ்வழக்கு நமக்குக் கற்பிக்கிறது.

இரும்பு வந்த வழி

இனி நம் மாணவரின் ஆலைக்கு வருவோம். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி ஓடிற்று. கடம்பத்தூரின் வழியே செல்லும் தடம் அதுவே. அப்பாதை தோன்றி நூறாண்டு கழிந்தபின், ரயில் கட்டணத்தை வைத்தே நாட்டின் தொழில் வரைபடம் மாற்றி எழுதப்பட்டது.

இரும்புத் தாதுவும் நிலக்கரியும் பீகார், ஒரிசா, வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குவிந்திருந்தன. இயற்கையாக நோக்கின், இரும்பைக் கொண்டு பொருள் செய்யும் ஆலைகள் அச்சுரங்கங்களின் அருகே எழுந்திருக்க வேண்டும். ஆனால் 1950-களின் நடுவில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைக் கொண்டு வந்தது. அதன்படி, ஜாம்ஷெட்பூரின் எஃகு ஜாம்ஷெட்பூரில் என்ன விலையோ, ஏறத்தாழ அதே விலைக்குச் சென்னையிலும் பம்பாயிலும் கிடைத்தது. தொலைவுக்கான செலவை எல்லா வாங்குவோரும் பொதுவில் சுமந்தனர். 1990-களின் தொடக்கம் வரை இக்கொள்கை நீடித்தது.

இதனால் தாதுவைத் தோண்டிக் கொடுத்த மாநிலங்கள், இயற்கை தமக்கு அளித்த ஒரே வாய்ப்பை இழந்தன. துறைமுகமும் திறமை மிக்க தொழிலாளரும் உடைய மேற்கும் தெற்கும் பயனடைந்தன. தமிழ்நாடும் பயனடைந்தது. எண்ணூரின் லாரித் தொழிற்சாலையும், 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், அவற்றைச் சூழ்ந்து எழுந்த நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் வாங்கிய இரும்பின் விலையில், பீகார் இழந்த வாய்ப்பும் அடங்கியிருந்தது. இது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படாத வரி. கொடுத்தவருக்கும் ரசீது இல்லை, பெற்றவருக்கும் நினைவில்லை.

மத்திய அரசின் முதலீடும் இம்மாவட்டத்துக்கு வந்தது. ஆவடியில் 1960-களில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையும், 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் நாட்டு மக்கள் அனைவரின் பணத்தால் எழுந்தவை. இவற்றோடு மாநில அரசு 1971-இல் நிறுவிய சிப்காட் நிறுவனத்தின் முயற்சியும், நம் மக்களின் கல்வியும், வரிகட்டும் பண்பும் சேர்ந்தே கும்மிடிப்பூண்டியை ஆக்கின. நம் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது மட்டுமே காரணம் என்று கூறுவதையே மறுக்கிறோம்.

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் இன்று உலையின் முன் நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களின் இளைஞர்கள். இரும்பின் பிறந்த மண்ணில் வேலை இல்லாமல், இரும்பு விளையாத மண்ணுக்கு வந்து அதை உருக்குகிறார்கள். மத்திய அரசின் 2016-17-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, 2011 முதல் 2016 வரை மாநிலம் விட்டு மாநிலம் சென்றவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 90 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. நிலையத்தில் நம் அருகே புன்னகைத்து நின்றவர் அவர்களில் ஒருவர்.

நிதிக்குழுக்களின் துலாக்கோல்

அப்படியாயின் நம் மாணவரின் மனக்குறை வெறும் பொறாமையா? இல்லை. அதற்கும் வலுவான ஆதாரம் உண்டு.

அரசியலமைப்பின் 280-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு அமைக்கப்படுகிறது. முதற் குழு 1951-இல் கே.சி. நியோகி தலைமையில் அமைந்தது. நான்காவது குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் பி.வி. இராஜமன்னார் அவர்கள். அவர் தலைமையிலேயே 1969-இல் தமிழக அரசு மத்திய மாநில உறவுகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 1971-இல் அதன் அறிக்கை வந்தது. மாநிலங்கள் கையேந்தி நிற்கும் நிலை மாற வேண்டும் என்ற குரல் அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிருந்து எழுந்ததை இது காட்டும்.

மாநிலங்களுக்கிடையே பகிரப்படும் மத்திய வரித் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு, 2000 முதல் 2005 வரைக்குரிய 11-ஆவது நிதிக்குழுவின் முடிவில் 5.385 சதவீதம். 12-ஆவது குழுவில் 5.305, 13-ஆவதில் 4.969, 14-ஆவதில் 4.023, 2021 முதல் 2026 வரைக்குரிய 15-ஆவது குழுவின் முடிவில் 4.079. இருபதாண்டுகளில் நம் பங்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி குறைந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 121 கோடி மக்களில் 7.21 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர், தமிழ்நாட்டவர். 15-ஆவது குழுவின் முடிவில் பீகாரின் பங்கு 10.058 சதவீதம், உத்தரப் பிரதேசத்தின் பங்கு 17.939 சதவீதம்.

குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. தனிநபர் வருமானம் குறைந்த மாநிலத்துக்கு மிகுதியாகத் தருவதென்பது நிதிக்குழுக்களின் வழக்கம். 15-ஆவது குழு அந்த அளவுகோலுக்கு நூற்றுக்கு 45 மதிப்பு அளித்தது. மேலும், பல குழுக்கள் 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. குடும்ப நலத் திட்டத்தைச் செவ்வனே நிறைவேற்றிய மாநிலம் அதனால் நட்டமடையலாகாது என்பது அதன் கருத்து. 14-ஆவது குழு 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகையையும் கணக்கில் சேர்த்தது. 15-ஆவது குழு அதனையே முழுதும் கொண்டது. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்கெனச் சிறிது மதிப்பெண் அளித்ததேனும், இழந்த இடத்தை அது ஈடு செய்யவில்லை.

பகிரப்படும் தொகையின் அளவு 29.5 சதவீதத்திலிருந்து 41 சதவீதமாகக் கூடியதே என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் ‘செஸ்’, ‘சர்சார்ஜ்’ என்னும் பெயர்களில் மத்திய அரசு தண்டும் வரிகள் இப்பகிர்வில் சேர்வதில்லை. பெரிய பாத்திரத்தைக் காட்டிவிட்டு, அதில் விழாமல் ஒரு குழாயைத் தனியே பிரித்துக்கொண்டது போன்றது இது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரியும், பொருள் செய்யப்படும் மாநிலத்தை விட்டு, அது நுகரப்படும் மாநிலத்துக்கே மாநிலப் பங்கைத் தருகிறது. கும்மிடிப்பூண்டியின் கம்பி பாட்னாவில் விற்றால் அவ்வரி பீகாருடையது.

ஒரு திருத்தத்தையும் நம் மாணவருக்குச் சொல்ல வேண்டும். ரூபாய்க்கு இத்தனை காசு என்னும் கணக்கு முழுமையானதன்று. ஒரு நிறுவனத்தின் ஆலைகள் பல மாநிலங்களில் இருப்பினும், அதன் வருமான வரி தலைமை அலுவலகம் உள்ள ஊரின் கணக்கிலேயே ஏறும். சென்னைத் துறைமுகத்தில் செலுத்தப்படும் சுங்கத்தின் சுமை, சரக்கை வாங்கும் பிற மாநிலத்தாரின் மீதும் விழும். குறை உண்மையானது, அதைச் சொல்லும் எண்ணிக்கை துல்லியமானதன்று.

செல்வம் சுழல வேண்டும்

நாட்டின் வளர்ச்சிக்கும் இப்பகிர்வுக்கும் என்ன தொடர்பு? இதனை ஆராய்ந்த முன்னோர்களில் தூனிஸ் நகரத்து இப்னு கல்தூன் (1332–1406) தலையாயவர். 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் அவர் இரு கருத்துகளை நிறுவுகிறார். வரி மிகுந்தால் உழைப்போரின் ஊக்கம் குன்றி, முடிவில் வரியே குறையும் என்பது ஒன்று. அரசு என்பதே நாட்டின் மிகப் பெரிய சந்தை. அது பெற்றதைச் செலவிடாமல் தேக்கினால் மற்றச் சந்தைகளெல்லாம் மந்தமாகிவிடும் என்பது மற்றொன்று. முதற்கருத்து தமிழ்நாட்டின் வழக்கைப் பேசுகிறது. இரண்டாவது கருத்து பீகாரின் வழக்கையும் பேசுகிறது. வாங்கும் சக்தியற்ற பல கோடி மக்கள் ஒரு பக்கம் இருக்கும்வரை, கும்மிடிப்பூண்டியின் சந்தையும் குறுகியே நிற்கும்.

ஆயினும் பணத்தை அனுப்பிவிட்டால் மட்டும் வளர்ச்சி வந்துவிடுமா? இத்தாலிய அரசு தன் வறண்ட தென்பகுதிக்கென 1950-இல் தனி நிதியம் ஒன்றை நிறுவி, 1984 வரை நடத்திற்று. சாலைகளும் குடிநீர்க் கால்வாய்களும் அமைத்த தொடக்க ஆண்டுகளில் நற்பயன் விளைந்தது. பின்னர் பணம் அரசியல் செல்வாக்கின் வழியே பாயத் தொடங்கிற்று. வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே இருந்த பள்ளம் மூடவில்லை. நம் நாட்டிலும் மேற்சொன்ன 2016-17-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, மத்திய நிதியை மிகுதியாகப் பெற்ற மாநிலங்களின் வளர்ச்சி அதனால் விரைவுபட்டதற்குச் சான்று காணவில்லை.

இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 182) கலீஃபா ஹாரூன் ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்கி எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூல் இங்கு நினைவுக்கு வருகிறது. விளைச்சலுக்குத் தக்க பங்கே வரியாக வேண்டும் என்றும், பெருங்கால்வாய்களைத் தூர் வாரும் செலவைப் பைத்துல்மால் ஏற்க வேண்டும் என்றும் அவர்கள் அறிவுறுத்துகிறார்கள். வரி வாங்குவதையும் கால்வாய் வெட்டுவதையும் ஒரே நூலில் வைத்துப் பேசியதன் நுட்பம் கருதத்தக்கது. பீகாருக்குச் செல்லும் பணம் அங்குப் பள்ளியாகவும் பாலமாகவும் ஆலையாகவும் ஆகிறதா என்று கேட்பதற்கு, கொடுக்கும் நமக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை பீகாரின் ஏழைக்கு அதனினும் மிகுதியாக உண்டு.

முஆத் (ரலி) அனுப்பிய தொகை

அபூ உபைத் (மறைவு ஹிஜ்ரி 224) தம் ‘கிதாபுல் அம்வால்’ நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். யமன் நாட்டில் பொறுப்பிலிருந்த முஆத் பின் ஜபல் (ரலி) அவர்கள், அங்குத் திரட்டிய ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலைநகர் மதீனாவுக்கு அனுப்பினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதைப் பெற்று மகிழவில்லை. வரி தண்டுவதற்காக உம்மை அனுப்பவில்லை, அவ்வூர்ச் செல்வரிடம் பெற்று அவ்வூர் ஏழையருக்கே வழங்கவே அனுப்பினோம் என்ற கருத்தில் கண்டித்து எழுதினார்கள். இங்கு வாங்குவோரைக் காண இயலாதபோதே அனுப்பினேன் என்று முஆத் (ரலி) விடை பகர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பாதி வந்தது. அதற்கடுத்த ஆண்டு முழுவதுமே வந்தது. ஒவ்வொரு முறையும் அதே கண்டிப்பு, அதே விடை.

தனக்கு வரும் பணத்தையே, உன் ஊர்த் தேவை நிறைந்ததா என்று கேட்டுத் தடுத்த தலைநகரை இங்குக் காண்கிறோம். ஊர்த் தேவை நிறைந்தபின் ஒரு காசையும் பதுக்காமல் அனுப்பிய வட்டாரத்தையும் காண்கிறோம். ஜகாத் வேறு, அரசு வரி வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் நம் ஏரிகளின் ஒழுங்கும் அதுதான்: மேலேரி நிறைய வேண்டும்; நிறைந்தபின் கலங்கலை அடைக்கலாகாது.

தமிழ்நாட்டின் ஏரி நிறைந்துவிட்டதா? கடம்பத்தூர் ஒன்றியத்தின் சிற்றூர்களுக்குச் சென்று பார்ப்பவர்கள் ஆம் என்று சொல்லத் தயங்குவர். 1997 ஜனவரியில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டத்திலேயே, தொழிற்பேட்டையைத் தன் எல்லைக்குள் கொண்ட ஊராட்சிக்கு வரி வருவாய் உண்டு. அதே ஆலையின் புகையைச் சுவாசிக்கும் அடுத்த ஊராட்சிக்கு இல்லை. டெல்லியிடம் நாம் கேட்கும் கேள்வியைச் சென்னையிடம் கடம்பத்தூர் கேட்கலாம். மாநில நிதிக்குழுக்கள் 1990-களிலிருந்து அமைக்கப்பட்டு வருவது அக்கேள்விக்காகவே. பிறரிடம் நீதி கேட்பவர் தம் வீட்டிலும் அதனை நிலைநாட்ட வேண்டும் அல்லவா?

சில நாட்கள் கழித்து அதே நிலையத்தில் நம் மாணவரை மீண்டும் சந்தித்தோம். மேற்கண்டவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். செஸ் வரிகளையும் பகிர்வில் சேர்க்கக் கேளுங்கள். மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகத் தண்டிக்கப்படலாகாது என்று கேளுங்கள். பெறும் மாநிலம் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் கேளுங்கள். இவையெல்லாம் நீதியான கேள்விகள். ஆனால் “அவர்கள் அனுபவிக்கிறார்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “இந்தப் பையன் சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான், ஹஜ்ரத். தங்கையின் படிப்புக்காம்” என்று அருகே நின்ற பீகார் இளைஞரைக் காட்டினார்.

நிதிக்குழு எதுவும் வகுத்துக் கொடுக்காத அந்தப் பங்கு மாதந்தோறும் தவறாமல் போய்ச் சேர்கிறது. அரபு அகராதி கூறும் இரு பொருளும் பொருந்திய கிஸ்தி அதுவே எனலாம்.